அழாத பிள்ளைக்கு ஒரு சொட்டு

பல் டாக்டரின் படியைச் சிரித்த முகத்தோடு ஏறிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஏறும்போது கன்னத்தில் கை, இறங்கும்போது வாயில் பஞ்சு, இரண்டுக்கும் நடுவில் எனக்குத் திட்டு. திருவனந்தபுரத்தில் புளிமூட்டுக்குப் பக்கத்து மாடி ஒன்றில், சுதந்திரம் வந்த வருஷக் கடைசியிலிருந்து, பல் டாக்டருக்கு உதவியாளாக நிற்கிறேன். உங்களுக்கும் பல் இருக்கிறது, அதனால் என் பாடு உங்களுக்குப் புரியும். பல் போனவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

இந்த மாடியைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல எத்தனையோ உண்டு. ஆனால் இங்கே எழுதுவதெல்லாம் ஒரே சாமானைப் பற்றி. பாதரசம். பல் அடைக்கிற கலவைக்கு அது வேண்டும். அதை என் கையாலேயே ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன், என் மகளுக்கும் கொடுத்தேன், அப்புறம் அவள் கை எப்போது ஆடாமல் நிற்கும் என்று வருஷக்கணக்காகக் காத்துக் கிடந்தேன். பயப்படாதீர்கள், யாரையும் வாயைத் திறக்கச் சொல்ல மாட்டேன்.

கை பார்த்து எடுத்த வேலை

நான் நாஞ்சில் நாட்டுக்காரன். பெயர் ஆறுமுகம் பிள்ளை. பெண்டாட்டி பகவதியையும் ஐந்து வயது மகள் கோமதியையும் கூட்டிக்கொண்டு, சாலை பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு வந்திருந்த நேரம். வேலை இல்லை. பல் டாக்டருக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, மார்க்கு ஷீட்டை இஸ்திரி போட்ட வேட்டிபோல மடிப்புக் கலையாமல் எடுத்துப் போனேன். டாக்டர் கோட்டயத்துக்காரர். மதராசில் சில காலம் இருந்தவர், அதனால் தமிழும் மலையாளமும் அவர் வாயில் ஒரே வாக்கியத்தில் கைகோத்து வரும். மார்க்கு ஷீட்டை அவர் தொடவே இல்லை. "கையை நீட்டு" என்றார். உள்ளங்கையைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு முன்னால் வந்த நாலு பேரையும் இப்படித்தான் நிற்க வைத்து அனுப்பிவிட்டாராம்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. வெள்ளித் தூளையும் பாதரசத்தையும் சின்னக் கண்ணாடிக் கல்வத்தில் அரைத்து, உள்ளங்கையில் போட்டுப் பெருவிரலால் பிசைய வேண்டும். பிறகு மெல்லிய தோல் துண்டில் முடிந்து பிழிந்தால், மிச்சப் பாதரசம் முத்து முத்தாக வெளியே வரும். உள்ளே நிற்கிற மாவைத்தான் பல் ஓட்டையில் அடைப்பது. கை வியர்த்தால் மாவு கெட்டுப்போகும். முன்னால் வந்த நாலு பேருக்கும் பயத்தில் வியர்த்துவிட்டது. எனக்கு வியர்க்கவில்லை. தைரியம் ஒன்றுமில்லை, எதற்குப் பயப்பட வேண்டும் என்றே தெரியாத மண்டு நான். டாக்டர் என் கையைத் தட்டிக்கொடுத்து, இந்தக் கை போதும் என்பதைத் தன் பாஷையில் சொன்னார்: "மார்க்கு ஷீட்டை வீட்டுக்காரிக்குக் காட்டு, பிள்ளே. எனக்கு ஈ கை மதி."

பாலுக்கு அழுவதும் பாதரசத்துக்கு அழாததும்

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். எங்கள் மாடியில் சட்டம் தலைகீழ். நாற்காலியில் உட்கார்ந்து அழாமல் வாய் திறக்கும் பிள்ளைக்கு, பிழிந்து மிஞ்சிய பாதரசத்தில் ஒரு சொட்டு இனாம். காலியான ஊசி மருந்துக் குப்பியில் விட்டு, ரப்பர் மூடியால் அடைத்து நான் கொடுப்பேன். இது எங்கள் டாக்டர் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. தொழில் படித்த இடத்தில் அவருடைய வாத்தியாரும் அதைத்தான் செய்தாராம். அந்தச் சொட்டைப் பார்த்தவுடன் பிள்ளைகள் வலியை மறந்துவிடும். உள்ளங்கையில் விட்டால் ஓடும், தட்டினால் பத்தாகும், சேர்த்தால் ஒன்றாகும். பெரியவர்கள்கூட வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர மனமில்லாமல் நிற்பார்கள்.

சாலை பஜாரில் மல்லி, மிளகு வியாபாரம் பண்ணுகிறவர் மகன் முருகன் என்று ஒரு எட்டு வயதுப் பயல். கடைவாய்ப் பல்லை அடைத்தபோது இமைகூடத் தட்டவில்லை. சொட்டை வாங்கிக்கொண்டு ராஜா மாதிரி இறங்கிப் போனான். அடுத்த வாரம் வந்தான், இன்னொரு பல் வலிக்கிறது என்றான். டாக்டர் பார்த்தார், பல் வெள்ளைக் கல் மாதிரி இருந்தது. கம்பியால் தட்டினார், ஒன்றுமில்லை. "எப்போ முதல் வலி?" என்று கேட்டதற்குப் பயல் என் மேஜை மேலிருந்த குப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இப்பந்தான் தொடங்கிச்சு. இதை அடச்சிட்டியள்னா, அடுத்தது வாற வெள்ளிக்கிழமை வலிக்கும்."

மூக்குத்தி வெளுத்த கதை

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுக்கிற தகப்பன் தன் பிள்ளைக்குக் கொடுக்காமல் இருப்பானா? கோமதிக்கு ஒரு பல்லிலும் சொத்தை கிடையாது. "எனக்குப் பல்லு வலிக்கவே வலிக்காதாப்பா?" என்று அவள் ஏங்குவதைப் பார்க்கச் சகிக்காமல், பல்வலி இல்லாமலே சொட்டு கொண்டுபோக ஆரம்பித்தேன். வாரத்துக்கு ஒன்று, இரண்டு. அவள் குப்பியில் அடைத்து வைக்கிற ஜாதி இல்லை. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிச் சேர்த்தாள். அடுக்களைக்கு அடுத்த சின்ன அறையில், அடுப்பின் சூடு ஏறுகிற சுவரோரம், அவள் பாய் விரித்துப் படுக்கிற இடத்துக்குத் தலைமாட்டில் அந்தச் சிரட்டை இருக்கும். மழைக்காலம் முழுக்க ஜன்னல் சாத்தியே கிடக்கும். தரையில் உருட்டி, பொறுக்கி, மறுபடி உருட்டி விளையாடுவாள். தரை வெடிப்பில் போனது போக, ஒன்றரை வருஷத்தில் சிரட்டையின் அடியில் ஒரு கரண்டி அளவு தேறிவிட்டது. பகவதி என்னை இடித்துக்காட்டுவாள்: "வெள்ளி வாங்கித் தரத்தான் துப்பில்லை. வெள்ளித் தண்ணியாவது கொண்டு வாறியளே, அத்தான்."

ஒருநாள் அவள் அந்தச் சிரட்டையை எடுத்து ஒதுக்கிவைத்த கையோடு மூக்குத்தியைத் திருகிவிட்டாள். தங்கம் வெளுத்து ஈயம்போல ஆகிவிட்டது. வீட்டில் ஒரே ரகளை. நான் ஆசாரியிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். வயதான மனுஷர். மூக்குத்தியை வாங்கி மூக்குக் கண்ணாடிக்கு நேரே பிடித்து, என்னையும் பார்த்தார். பாதரசம் எங்கிருந்து வந்தது, யார் வைத்து விளையாடுகிறார்கள் என்றெல்லாம் கேட்டார். பெருமையாகவே சொன்னேன். அவர் சொன்ன பதிலை அன்றைக்கு ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன். பட்டறையில் இருக்கிறவருக்குப் பல் வைத்தியம் என்ன தெரியும் என்ற கொழுப்பு. அவர் சொன்னது இதுதான்: "பிள்ளைவாள், தங்கத்தைத் திங்கிற சாமான், தங்கம்போல பிள்ளையை மட்டும் விட்டுருமாக்கும்?"

கோழி கிண்டின நோட்டு

கோமதிக்கு எட்டரை வயது ஆனபோது அவள் எழுத்து கெட ஆரம்பித்தது. முத்துப்போல எழுதின பிள்ளை. இப்போது ஒவ்வொரு எழுத்தும் குளிரில் நிற்கிறவன் மாதிரி ஆடியது. சோறு எடுக்கிற கை வாய்க்குப் போகுமுன் பாதி சிந்தியது. உறக்கம் இல்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவாள், இல்லாவிட்டால் யாராவது வீட்டுக்கு வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். தெருவையே விற்றுக் காசாக்குகிற வாய், மூடிக்கொண்டது. பகவதி கண்ணேறு என்றாள், கோயிலில் கறுப்புக் கயிறு மந்திரித்துக் கட்டினாள். அண்டை வீட்டில் பூச்சி என்றார்கள், பேதிக்குக் கொடுத்தோம். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒரு மலையாளத்து அம்மா. அவர் மட்டும்தான் என்னைக் கூப்பிட்டு, "இவள் மடிச்சி அல்ல கேட்டோ. மடியானா நான் அறியும். கை பறஞ்சா கேக்கணில்லா" என்றார். சோம்பேறி இல்லை, கைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்கிறார். நான் கேட்டேனா?

அன்று சாயங்காலம் நோட்டை விரித்து வைத்து, "அ" எழுதச் சொன்னேன். எழுதினாள். அடித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னேன். நாலாவது தடவை எனக்குக் கோபம் தலைக்கேறி ரூலரால் விரல் முட்டியில் ஓங்கி ஒரு போடு போட்டேன். பாவி நான், இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு எரிகிறது. கோமதி அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை அகல விழித்து, என்னைப் பார்த்தபடி இருந்தாள். ஊர்ப் பிள்ளைகளை எப்படிப் பழக்கினேனோ அப்படியே என் பிள்ளையும் பழகியிருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நான் அழவே இல்லை பாத்தியளா, அப்பா? நாளைக்கு ரெண்டு சொட்டு கொண்டு வருவியளா?"

சொத்தை இல்லாத வாய்

அப்புறம் கோமதிக்கு ஈறு வீங்கி, பல் தேய்க்கும்போதெல்லாம் ரத்தம் வந்தது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. அதுவரை வாய் சம்பந்தமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, ஈறு என்றவுடன்தான் நம்ம டாக்டர் இருக்கிறாரே என்று புத்தி வந்தது. கூட்டிப்போய் அந்த நாற்காலியில் உட்கார வைத்தேன். டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். ஒன்றிலும் கேடு இல்லை. ஈறை விரலால் அமுக்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. தம்ளரில் தண்ணீர் கொடுத்து, பிடித்துக்கொண்டு பத்து எண்ணச் சொன்னார். ஆறு எண்ணுவதற்குள் பாவாடை நனைந்துவிட்டது. ஒரு காகிதத்தை நீட்டி வட்டம் போடச் சொன்னார். வட்டம் ரம்பப் பல் மாதிரி வந்தது.

டாக்டர் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக்கு ரசம் பூசுகிறவர்களுக்கு ஈறு இப்படி வீங்கும், கை இப்படி ஆடும் என்று படிக்கிற காலத்தில் கேட்டிருக்கிறாராம். என்னைப் பார்க்காமலே, "வீட்டில் பாதரசம் உண்டோ, பிள்ளே?" என்றார். நாலு வருஷ வேலையில் முதல் தடவையாக என் உள்ளங்கை வியர்த்தது. பதில் சொன்னது கோமதிதான், மாதக்கணக்காக வெளி ஆளிடம் வாய் திறக்காத பிள்ளை, அவ்வளவு பெருமையாக: "ஒரு செரட்டையே இருக்கு, டாக்டர் மாமா. எல்லாம் அழாமலே கிடச்சது."

டார்ச்சும் கந்தகமும்

அன்று மத்தியானமே டாக்டர் எங்கள் சந்துக்கு வந்துவிட்டார். காத்திருந்த நாலு பல்வலிக்காரர்களை நாளைக்கு வரச்சொல்லிவிட்டு வந்தார், அதில் இரண்டு பேர் என்னை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. கோமதியை முதலில் பகவதியின் அண்ணன் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். விளக்குமாற்றைத் தொடக்கூடாது என்றார். பெருக்கினால் ஒரு சொட்டு நூறாகிச் சிதறும். கோட்டுப் போட்ட மனுஷர் தரையில் குப்புறப் படுத்து, டார்ச்சை ஒரு சாய்வாக அடித்துக் காட்டினார். அட எழவே! வெடிப்புக்கு வெடிப்பு மினுங்கியது. தரை முழுக்க நான் கொண்டுவந்த அன்பு. மருந்து ஊற்றுகிற பில்லரால் உறிஞ்சி, அட்டையால் தள்ளி, ஈரத்துணியால் ஒற்றி, கடைசியில் நாட்டு மருந்துக் கடைக் கந்தகப் பொடியை வெடிப்பில் அடைத்தோம். பாயையும் சிரட்டையையும் கட்டி வெளியே கொண்டுபோனார். எரிக்கவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

அப்போதுதான் எனக்கு விளங்குகிற மாதிரி எடுத்துச் சொன்னார். கையில் தொட்டதால் மட்டும் இப்படி ஆகிவிடவில்லை. அதிலிருந்து நிறமும் மணமும் இல்லாத ஆவி ஒன்று சும்மா ஏறிக்கொண்டே இருக்கும், சூடு பட்டால் அதிகம் ஏறும். சாத்தின அறையில் ஒன்றரை வருஷம் அதை முகர்ந்துகொண்டு பிள்ளை படுத்திருக்கிறது. சின்ன உடம்புக்கு அது பெரிய அளவு. இனி உள்ளே போகாவிட்டால், போனது பைய வெளியே வரும். மாதக்கணக்காகும். எல்லாம் வருமா, கொஞ்சம் தங்கிவிடுமா என்று இன்றைக்குச் சொன்னால் அது பொய்யாகும் என்றார். பெரிய ஆசுபத்திரியில் சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். எல்லாவற்றையும் வாசல் நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த பகவதி, அழுகையும் ஆத்திரமுமாகக் கேட்டாள்: "கண்ணுக்குத் தெரியாத புகைக்கு எந்தக் கோயில்ல டாக்டரே கயிறு மந்திரிச்சுக் கட்ட?" டாக்டர் எழுந்து, ஜன்னலின் துருப்பிடித்த கொக்கியை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்: "கயிறு வேண்டாம், அம்மச்சீ. ஜன்னல் தொறந்து வெச்சா மதி."

சாமி அலமாரி

மறுநாள் டாக்டர் நோயாளிகள் ரிஜிஸ்டரை என் முன்னால் வைத்தார். "நம்ம கொடுத்தது, நம்மதான் திரிச்சு வாங்கணும்" என்றார். அன்றிலிருந்து மாலை நேரமெல்லாம், கொடுத்த சொட்டுகளைத் திருப்பி வாங்க நான் தெருத்தெருவாக நடந்தேன். பல் டாக்டர் வீட்டு ஆள் தானாக வீடு தேடி வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் ஓடினார்கள். ஒரு பெரியவர், "நான் அன்னைக்குச் சும்மா விசாரிக்கத்தானே வந்தேன், பல்லை எடுக்கணும்னு சொன்னேனா?" என்று கதவிடுக்கு வழியாகவே பேசி அனுப்பினார். பாதிக் குப்பிகள் மூடி திறக்காமலே கிடைத்தன. அது என் அதிர்ஷ்டமா, ரப்பர் மூடியின் புண்ணியமா, தெரியாது.

வலியசாலை அக்ரகாரத்தில் ஒரு மாமி. பிள்ளைக்குக் கொடுத்த சொட்டை அவள் அன்றே பிடுங்கி, வெள்ளிக் கிண்ணம் கெட்டுப்போகும் என்று கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, சுவாமி அலமாரியில் வைத்திருந்தாள். தினமும் அதற்கு முன்னால் விளக்கு. "சிவ வீர்யம்னா அது! ஆத்துல இருந்தா க்ஷேமம். வெச்சதைத் திருப்பிக் கேக்கறேளே, நன்னாருக்கா?" என்று பிலுபிலுவெனப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் சொல்லிக்கொடுத்த ஆவி, சூடு எல்லாம் சொல்லிப் பார்த்தேன். மசியவில்லை. கடைசியில் என் மகள் கையைப் பற்றிச் சொன்னேன். மாமி உள்ளே போய், விளக்கை நகர்த்திவிட்டு, கிண்ணத்தோடு வந்தாள். என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "எடுத்துண்டு போங்கோ. ஸ்வாமி கோச்சுக்க மாட்டார். பாவம், இத்தனை நாள் அவரும் மூச்சை அடக்கிண்டுன்னா இருந்திருப்பார்."

விழுங்கினவன்

வாரம் ஒரு பல் வலிக்கும் என்றானே முருகன், அவனைத் தேடி மல்லிக் கடைக்குப் போனேன். "குப்பி எங்கேடா?" என்றேன். குப்பி இருந்தது. சொட்டு இல்லை. அதட்டிக் கேட்டதில், பள்ளிக்கூடத்தில் பந்தயம் கட்டி விழுங்கிவிட்டதாகச் சொன்னான். எனக்குக் கடையும் மூட்டையும் சுற்றியது. அப்பனிடம் விஷயத்தைச் சொன்னால் என்னை மிளகோடு சேர்த்துக் காயப் போட்டுவிடுவார். ஆனாலும் சொன்னேன். மூன்று பேருமாகப் புளிமூடு வரை ஓட்டமும் நடையுமாகப் போனோம்.

டாக்டர் அவன் ஈறைப் பார்த்தார், தம்ளர் பிடிக்கச் சொன்னார், வட்டம் போடச் சொன்னார். வட்டம் கோயில் தளிகைத் தட்டு மாதிரி உருண்டையாக வந்தது. ஒரு சொட்டை விழுங்கினால் பெரும்பாலும் அது வயிற்றில் ஒட்டாமல் வந்த வழியே போய்விடும், முகர்வதுதான் பொல்லாதது, ஆனாலும் அதற்காக யாரும் பந்தயம் கட்டவேண்டாம் என்று கண்டித்தார். எப்போது விழுங்கினாய் என்று கேட்டார். போன வருஷமாம். அப்பனுக்கு உயிர் திரும்பி வந்தது. எனக்கும்தான். அப்புறம் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று நான் கத்தினேன். முருகன் என்னை ஒரு மடையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்: "சொல்லுகதுக்கு என்ன இருக்கு மாமா? மறுநாளே வந்துட்டு. குச்சியால தள்ளிப் பாத்தேன், அப்பவும் மினுங்கிச்சு."

யார் பல்?

அதோடு எங்கள் மாடியில் முறை மாறியது. உள்ளங்கைப் பிசைதல் நின்றது, விரலுக்கு ரப்பர் உறை வந்தது. பாதரசக் குப்பிக்குள் மேலே தண்ணீர் நிற்கும், மூடி இறுக்கமாக இருக்கும். ஜன்னல் இரண்டும் எப்போதும் திறந்தே கிடக்கும். என்னையும் வட்டம் போடச் சொன்னார் டாக்டர். சுமாராக வந்தது. தாமும் போட்டார். அதை மட்டும் எனக்குக் காட்டாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பிள்ளைகளுக்கு இனி என்ன கொடுப்பது? மிட்டாய் கொடுக்கலாமே என்றேன், பல் டாக்டரிடம் போய் இதைச் சொன்னவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் என்னை முறைத்த முறைப்பில் மிட்டாய் கரைந்துவிட்டது. கடைசியில், பல் அச்சு எடுக்கிற வெள்ளைச் சாந்தில் பெரிய பல் ஒன்று செய்து கொடுக்க ஆரம்பித்தோம். வேருடன், யானைப் பல் கணக்காக இருக்கும். முதல் பல்லை வாங்கின சின்னப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பயத்தோடு டாக்டரின் வாயைப் பார்த்தாள், அப்புறம் என் வாயைப் பார்த்தாள். பிறகு ரகசியம் மாதிரிக் கேட்டாள்: "இதைப் பிடுங்கும்போ, இந்தப் பல்லுக்கார மாமா அழுதாரா?"

வட்டம்

மாதத்தின் முதல் சனிக்கிழமை கோமதி மாடிக்கு வரவேண்டும். காகிதத்தில் ஒரு வட்டம், கீழே அவள் பெயர். டாக்டர் தேதி போட்டு வைத்துக்கொள்வார். மூன்று மாதத்தில் ஈறு வற்றியது, ரத்தம் நின்றது. ஆறாம் மாதம் இரவு முழுக்க உறங்கினாள் என்று பகவதி விடிந்ததும் விடியாததுமாக என்னை எழுப்பிச் சொன்னாள். கதவுக்குப் பின்னாலிருந்து பிள்ளை வெளியே வந்தது, கூடவே அந்தப் பழைய வாயும் வந்தது. ஆனால் வட்டம் மட்டும் லேசில் படியவில்லை. ஒரு மாதம் உருண்டையாக வரும், அடுத்த மாதம் மறுபடி பல்லுப் பல்லாக நிற்கும். "பெரியவளானாலும் கை இப்படித்தான் ஆடுமா, டாக்டர் மாமா?" என்று ஒருநாள் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர், "அறியில்லா மோளே. போன மாசத்தைவிட இது நல்லது, அது அறியும்" என்று இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அவர் பொய் சொல்லாதது அன்றைக்கு எனக்குக் கோபம். இன்றைக்கு அதற்காகவே அவரைக் கும்பிடுகிறேன்.

நாலு வருஷம் ஓடியது. கோமதிக்குப் பதின்மூன்று வயது. சிறுநீரகத்தில் குறை ஒன்றும் இல்லை என்று ஆசுபத்திரியில் சொல்லிவிட்டார்கள். காய்ச்சல் கண்டாலோ, கோபம் வந்தாலோ கையில் மெல்லிய ஆட்டம் ஒன்று வரும், பிறகு போய்விடும். அது அவளோடு இருக்குமோ, அதுவும் போகுமோ, தெரியாது. போன மாதம் மாடியில் மாட்ட ஒரு பலகை வேண்டும் என்றார் டாக்டர், "சத்தம் போடக்கூடாது" என்று தமிழிலும் மலையாளத்திலும். எழுதுகிறவனைக் கூப்பிடட்டுமா என்றேன். "கோமதி எழுதட்டே" என்றார். ஊரே பார்க்கிற பலகை. அவள் வெள்ளைப் பெயிண்டும் தூரிகையும் வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நான் தூரிகையின் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றேன், மூச்சுக்கூட விடவில்லை. "அ" எழுதினாள். வளைவு ஒரே இழுப்பில் வந்து நின்றது. நடுங்கவில்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகுதான் உறைத்தது, "சத்தம்" என்று தொடங்க வேண்டிய பலகையில் "அ" எதற்கு? அவள் பாட்டுக்கு எழுதி முடித்தாள், தமிழில் ஒரு வரி, மலையாளத்தில் ஒரு வரி: "அழலாம். அழுகிற பிள்ளையை முதலில் பார்ப்போம்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ஆணி எங்கே என்று மட்டும் கேட்டார். "டாக்டர் சொன்னது ஒண்ணு, நீ எழுதினது ஒண்ணு. என்ன பிள்ளே இது?" என்று நான் அதட்டினேன், அதட்டல் சரியாக வரவில்லை. தூரிகையைத் துடைத்துக்கொண்டே, என்னைக் குற்றம் சொல்லாத குரலில் அவள் சொன்னாள்: "அன்னைக்கு ரூலரால அடிச்சப்போ நான் அழுதிருந்தேன்னா, நீங்க என் கையைப் பிடிச்சுப் பாத்திருப்பியள்லா, அப்பா?"

பலகை மாட்டிய நாளிலிருந்து எங்கள் மாடி அழுகை புளிமூடு முக்குவரை கேட்கிறது. ஊர்ப் பல்லுக்கெல்லாம் வழி சொல்லுகிற எனக்கு, காதுக்கு நல்ல டாக்டர் யாரென்று உங்களில் யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.